நாக வழிபாடு: பாம்பை தெய்வமாக வணங்குவது ஏன்? இந்து மதமும் மற்ற மதங்களும் சொல்வது என்ன?

பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் அதே பாம்புக்குத்தான் அரச மரத்தடியில் கல் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து கும்பிடுகிறார்கள். வீட்டுக்குள் வந்தால் அடிக்கத் துடிக்கும் ஒரு உயிரை, கோயிலில் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வது ஏன்?

தமிழில் இன்னொரு விநோதமும் இருக்கு. கடித்தால் உயிரையே எடுக்கக்கூடிய நாகத்துக்கு நம்ம ஊரில் பெயர் 'நல்ல பாம்பு'. இந்த பயமும் மரியாதையும் சேர்ந்த உணர்வு இந்து மதத்தில் மட்டும் இல்லை. சமணம், பௌத்தம் தொடங்கி, எகிப்து, கிரேக்கம் வரைக்கும் பரவிக் கிடக்கு. எந்தெந்த மதம் பாம்பை எப்படிப் பார்க்கிறது? அதன் ஆன்மிகப் பொருள் என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

பாம்பு எதற்கு அடையாளம்?

முதல் காரணம், சட்டை உரிப்பது. பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு புதுப் பளபளப்போடு வெளியே வரும் பாம்பை, சாவைத் தாண்டிய உயிராகப் பழங்கால மனிதர்கள் பார்த்தார்கள். மறுபிறவி, நீண்ட ஆயுள், நோய் நீங்குதல் என்று பல நம்பிக்கைகள் இதிலிருந்து பிறந்தன.

இரண்டாவது, அது வாழும் இடம். மண்ணுக்குள் போகிறது, புற்றில் குடியிருக்கிறது, நீரிலும் நீந்துகிறது. அதனால் மண்ணின் வளத்துக்கும், மழைக்கும், புதையலுக்கும் காவலாளியாக நாகம் கருதப்பட்டது. குழந்தை வரம் வேண்டுபவர்கள் நாகர் சிலையைச் சுற்றுவதற்கும் இந்த வளம் என்ற கருத்துதான் அடிப்படை.

மூன்றாவது, விஷம். கொல்லவும் முடியும், கொல்லாமல் விலகிப் போகவும் முடியும். அந்த சக்தியின் முன்னால் மனிதன் கைகூப்பியதில் ஆச்சரியம் இல்லை.

இந்து மதத்தில் நாகங்களின் இடம்

பெருமாளுக்குப் படுக்கை ஆதிசேஷன். சிவனின் கழுத்தில் ஆபரணமாக இருப்பது வாசுகி. பாற்கடலைக் கடைந்தபோது மந்தர மலைக்குக் கயிறாக இருந்ததும் அதே வாசுகிதான். லட்சுமணனையும் பலராமனையும் ஆதிசேஷனின் அவதாரம் என்கிறார்கள். யோக சூத்திரம் தந்த பதஞ்சலியும் ஆதிசேஷனின் அம்சம் என்பது நம்பிக்கை. இடுப்புக்குக் கீழே பாம்பு உடலோடு பதஞ்சலி சிலை அமைக்கப்படுவது அதனால்தான்.

யோக மரபில் பாம்புக்கு இன்னும் ஆழமான பொருள் உண்டு. மனித உடலில், முதுகுத்தண்டின் அடியில் உள்ள மூலாதாரத்தில் ஒரு சக்தி மூன்றரைச் சுற்றாகச் சுருண்டு உறங்குகிறது என்பது குண்டலினி தத்துவம். சுருண்டு கிடப்பது என்பதிலிருந்து வந்த பெயர் அது. தியானத்தால் அந்த சக்தி விழித்து மேலே ஏறும்போது ஞானம் பிறக்கும் என்கிறது யோக மரபு. பாம்பு அசையாமல் கிடக்கும்போது அங்கே இருப்பதே தெரியாது, அசைந்தால்தான் தெரியும். உள்ளே இருக்கும் சக்தியும் அப்படித்தான் என்பது இந்த உவமையின் பொருள்.

பாம்புகளைக் காப்பாற்றிய ஆஸ்திகர் கதை

நாக வழிபாட்டின் மையத்தில் இருக்கும் கதை மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வருகிறது. தவத்தில் இருந்த ஒரு முனிவரின் கழுத்தில் செத்த பாம்பைப் போட்டு அவமதித்தார் பரீட்சித்து மன்னர். முனிவரின் மகன் சாபம் கொடுக்க, தட்சகன் என்ற நாகம் தீண்டி மன்னர் இறந்து போனார்.

அவரது மகன் ஜனமேஜயன் பழிவாங்கக் கிளம்பினார். தட்சகனை மட்டுமல்ல, உலகத்தில் உள்ள எல்லாப் பாம்புகளையும் தீயில் விழவைக்க சர்ப்ப யாகம் நடத்தினார். கூட்டம் கூட்டமாகப் பாம்புகள் தீயில் விழுந்தன. அப்போது வந்து நின்றவர் ஆஸ்திகர் என்ற இளம் முனிவர். அவரது அப்பா ஒரு ரிஷி, அம்மா வாசுகியின் தங்கை. அதாவது மனித ரத்தமும் நாக ரத்தமும் கலந்தவர். என்ன வரம் வேண்டும் என்று ஜனமேஜயன் கேட்க, "யாகத்தை நிறுத்துங்கள்" என்றார். யாகம் நின்றது, மிச்சமிருந்த பாம்புகள் பிழைத்தன.

இந்த யாகம் நின்ற நாளைத்தான் நாக பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம் என்ற நம்பிக்கை வடமாநிலங்களில் பரவலாக இருக்கு. இன்னொரு விஷயம். வைசம்பாயனர் ஜனமேஜயனுக்கு மகாபாரதக் கதையைச் சொன்னதே அந்த யாகத்தின்போதுதான். பழிக்குப் பழி வாங்கி அழிந்துபோன ஒரு குலத்தின் கதை, இன்னொரு பழிவாங்கல் நடக்கும் இடத்தில் சொல்லப்படுகிறது. ஒருவர் செய்த தப்புக்காக ஒரு இனத்தையே அழிக்காதே என்பதுதான் ஆஸ்திகர் கதையின் சாரம்.

தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்

நாகர்கோவில் என்ற ஊரின் பெயரே அங்குள்ள நாகராஜா கோயிலால் வந்தது. அங்கே கருவறைக்கு ஓலைக் கூரைதான். கருவறையின் ஈர மண்தான் பிரசாதம். ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும்.

சங்கரன்கோவிலில் புற்று மண் பிரசாதம். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சண்டை போட்ட சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்களுக்கு, இருவரும் ஒன்றே என்று சங்கரநாராயணராக இறைவன் காட்சி கொடுத்ததாகத் தல வரலாறு. திருநாகேஸ்வரம் ராகுவுக்கும், கீழப்பெரும்பள்ளம் கேதுவுக்கும் உரிய தலங்கள். கல்யாணம் தள்ளிப்போகிறது, குழந்தை இல்லை என்று வருபவர்கள் இங்கே பரிகாரம் செய்கிறார்கள். நாக தோஷம் என்ற கருத்து இந்த ராகு, கேது ஜோதிட நம்பிக்கையோடு சேர்ந்தது.

கேரளாவில் பல பழைய வீடுகளின் தோட்டத்தில் ஒரு மூலையை வெட்டாமல், உழாமல் பாம்புகளுக்காக விட்டுவைப்பார்கள். அதுக்கு பேரு சர்ப்பக்காவு. ஆலப்புழா மாவட்டத்தில் உள்ள மண்ணாறசாலை நாகராஜா கோயில் இப்படி மரங்களுக்கு நடுவில் இருக்கும் கோயில்தான். அங்கே தலைமைப் பூஜை செய்வது ஒரு பெண். வங்காளத்தில் நாகங்களின் தெய்வம் மானசா தேவி.

சமணத்தில் பாம்பு

நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்களும் இருக்கின்றன. சமணத்துக்கும் நாகத்துக்கும் அவ்வளவு நெருக்கம்.

23-வது தீர்த்தங்கரர் பார்சுவநாதரின் தலைக்கு மேல் எப்போதும் பாம்புப் படம் குடையாக விரிந்திருக்கும். அவர் இளவரசராக இருந்தபோது, எரியும் கட்டைக்குள் சிக்கிய நாகத்துக்காக இரங்கினார். அந்த நாகம் அடுத்த பிறவியில் தரணேந்திரனாகப் பிறந்து, பார்சுவநாதர் தவம் செய்தபோது வந்த பெரும் மழையிலிருந்து அவரைக் காத்தது என்கிறது சமண மரபு.

பௌத்தத்தில் பாம்பு

புத்தர் ஞானம் பெற்ற பிறகு தியானத்தில் இருந்தபோது பெரும் மழை பிடித்துக்கொண்டது. முசலிந்தன் என்ற நாகராஜன் அவரைச் சுற்றி வளைத்து, தலைக்கு மேல் படம் விரித்து ஏழு நாள் காத்ததாக பௌத்த நூல்கள் சொல்கின்றன. தாய்லாந்து, கம்போடியாவில் இந்த வடிவ புத்தர் சிலைகள் நிறைய. அங்கோர் கோயில்களின் நடைபாதைக் கைப்பிடிகளே நீண்ட நாகங்கள்தான்.

ஈழத்திலும் இந்தத் தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயில் இருக்கிறது. அதே தீவில் நாகதீப விகாரையும் இருக்கிறது. ஒரு மணி ஆசனத்துக்காகப் போரிட்ட இரண்டு நாக மன்னர்களை சமாதானம் செய்ய புத்தர் நாகதீபத்துக்கு வந்ததாக மகாவம்சம் சொல்கிறது.

பைபிளிலும் குர்ஆனிலும்

இந்த மதங்களில் பாம்பு வழிபாடு கிடையாது. ஆனால் பாம்பு வருகிறது. ஏதேன் தோட்டத்தில் ஏவாளை ஏமாற்றியது பாம்பு. அதே பைபிளில், பாலைவனத்தில் பாம்புகளால் மக்கள் செத்தபோது, மோசே வெண்கலத்தில் ஒரு பாம்பு செய்து கம்பத்தில் உயர்த்த, அதைப் பார்த்தவர்கள் பிழைத்ததாகவும் வருகிறது. பிற்காலத்தில் மக்கள் அந்த வெண்கலப் பாம்புக்கே தூபம் காட்ட ஆரம்பிக்க, எசேக்கியா மன்னர் அதை உடைத்துப் போட்டார். குணமாக்கிய அடையாளமாகவே இருந்தாலும் அதை வணங்கக் கூடாது என்பது அங்கே பாடம்.

குர்ஆனில், மூஸா நபியின் கைத்தடி ஃபிர்அவ்ன் முன்னிலையில் பாம்பாக மாறியது இறைவனின் அத்தாட்சியாகச் சொல்லப்படுகிறது.

எகிப்து, கிரேக்கம், மெக்சிகோ

எகிப்து மன்னர்களின் கிரீடத்தில் நெற்றிக்கு மேல் படமெடுத்து நிற்பது வாட்ஜெட் என்ற நாக தேவதை. துட்டன்காமனின் தங்க முகமூடியிலும் இதைப் பார்க்கலாம்.

கிரேக்கத்தில் மருத்துவக் கடவுள் அஸ்க்லெபியஸ். அவர் கைத்தடியில் ஒரு பாம்பு சுற்றியிருக்கும். அந்தத் தடிதான் இன்றைக்கு உலக சுகாதார அமைப்பின் சின்னத்தில் இருக்கிறது.

மெக்சிகோவில் மாயா மக்கள் கட்டிய சிச்சென் இட்சா பிரமிடில், இரவும் பகலும் சமமாக வரும் நாட்களையொட்டி, படிக்கட்டின் ஓரத்தில் விழும் நிழல் பாம்பு இறங்கி வருவது போலத் தெரியும். அவர்களின் இறகு முளைத்த பாம்புக் கடவுளின் பெயர் குக்குல்கான்.

பாம்பு பால் குடிக்குமா?

குடிக்காது. பாம்பு ஊன் உண்ணும் பிராணி. எலி, தவளைதான் அதன் உணவு, பால் அதற்கு செரிக்காது. விழாக்களில் பாம்பு பால் குடிப்பதைப் பார்த்திருப்பதாகச் சிலர் சொல்வார்கள். பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த பாம்பு, தாகத்தில் எதையும் உறிஞ்சும். பல் பிடுங்கப்பட்டு, பால் ஊற்றப்பட்ட பாம்புகள் பிறகு செத்துப் போகின்றன. பாம்புகள் 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. நல்ல பாம்பைப் பிடிப்பதும் வைத்து வித்தை காட்டுவதும் குற்றம்.

புற்றும் பாம்பு கட்டியதில்லை. கரையான் கட்டியதில் பாம்பு குடியேறுகிறது. அந்தப் புற்றுக்குள் பாலும் முட்டையும் ஊற்றினால், உள்ளே இருக்கும் உயிருக்குத் தொல்லைதான். அதனால் பால் அபிஷேகத்தை நாகர் சிலைக்குச் செய்தால் போதும்.

நாக பஞ்சமி ஏன் மழைக்காலத்தில் வருகிறது?

சிராவண மாத வளர்பிறையில், அதாவது நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலத்தில் நாக பஞ்சமி வருகிறது. பொந்துகளில் தண்ணீர் புகுந்து பாம்புகள் வெளியே வரும் நேரமும், விவசாயிகள் வயலில் இறங்கும் நேரமும் அதுதான். அன்றைக்கு நிலத்தை உழக் கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது என்ற வழக்கம் பல மாநிலங்களில் உண்டு.

இந்த பயத்துக்கு இன்றைக்கும் காரணம் இருக்கு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கு சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். மந்திரிப்பது, வேர் கட்டுவது, கோயிலில் படுக்க வைப்பது என்று தாமதம் நடக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2024-ல் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய பாதிப்பாக அறிவித்தது.

பாம்பு கடித்தால் என்ன செய்யணும்?

பதற்றப்படாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைக்கணும்.
மோதிரம், வளையல், கொலுசு இருந்தால் கழற்றணும்.
இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது, கத்தியால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது.
பாம்பைத் தேடிப் பிடிக்க நேரத்தை வீணாக்க வேண்டாம்.
உடனே 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகணும்.

கும்பிட்டவர்களும் காப்பாற்றியவர்களும்

அந்த விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் பாம்பின் விஷம்தான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இந்த விஷத்தை எடுத்துத் தருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைகளைப் பிடித்து, விஷம் எடுத்த பிறகு கொல்லாமல் மறுபடியும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆஸ்திகர் கேட்டதும் இதைத்தான், சர்ப்பக்காவு சொல்வதும் இதைத்தான்: பாம்பு வாழ ஒரு இடத்தை விட்டு வை. வீட்டுக்குள் பாம்பு வந்தால் கம்பை எடுக்காமல் தள்ளி நின்று, வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தகவல் சொன்னால் போதும். பாம்பும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பார்.