எடுப்பதிலிருந்து அறிவதற்கு: இலங்கைக் கடலில் மூழ்கிய கப்பல்களைத் தேடிய வரலாறு

முன்னுரை

இலங்கையைச் சுற்றியுள்ள கடலடியில் இரண்டாயிரம் ஆண்டுக் கடல்வாணிகத்தின் மிச்சங்கள் கிடக்கின்றன. அவற்றைத் தேடிச் சென்ற வரலாறு பெரும்பாலும் மூச்சுக் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. மூச்சடக்கிப் போனார்கள், பிறகு காற்றுக்கலன் வந்தது, அதன்பின் ஹீலியம் வந்தது என்று அது முடிந்துவிடும். சுழியோடிகள் எதை நாடிக் கீழே போனார்கள் என்ற கேள்வி அதில் விடுபட்டுப் போகிறது. கருவிகள் வளர்ந்த அதே காலத்தில், பொருளை எடுத்துவரும் நோக்கம் மெல்ல மெல்லக் கப்பலை அறிந்துவரும் நோக்கமாக மாறியது. அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது, இன்னும் எங்கே முழுமை பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மூச்சடக்கிய காலம்

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்களே இக்கடலின் முதல் சுழியோடிகள். காலில் கல்லைக் கட்டி இறங்குவார்கள். மேலே ஒருவர் கயிறு பிடித்திருப்பார். ஒரு மூச்சு தாங்கும் நேரத்துக்குள், சில பாக ஆழத்தில், வேலை முடிய வேண்டும். ஜேம்ஸ் ஹோர்னெல் 1914-ல் வெளியிட்ட சங்கு பற்றிய நூல் இத்தொழிலை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

இவர்களிடமும் மீனவர்களிடமும் இருந்த இன்னொரு செல்வம் இடஅறிவு. கரையில் தெரியும் மலையையும் மரத்தையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துக் கடலுக்கடியில் உள்ள பாரை, அதாவது பாறைத்திட்டைக் கண்டுபிடிக்கும் முறையைக் குமரிக் கரையில் கணியம் என்பார்கள். மூழ்கிய கப்பலும் நாளடைவில் ஒரு பாராகிவிடுகிறது. அங்கே மீன் கூடும், வலை சிக்கும். ஆகவே, கப்பல் எங்கே கிடக்கிறது என்பதை ஆய்வாளருக்கு முன்பே அறிந்திருக்கக் கூடியவர் கடலோடிதான்.

காற்றுக்கலனும் வெள்ளிக் கட்டிகளும்

1943-ல் பிரான்சில் குஸ்தோவும் காஞ்ஞானும் உருவாக்கிய அக்வாலங் என்னும் காற்றுக்கலன் கருவி, சுழியோடியைக் கயிற்றிலிருந்து விடுவித்தது. 1950-களின் நடுவில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் சுழியோடி மைக் வில்சனும் அக்கருவியோடு இலங்கைக்கு வந்தார்கள். இலங்கைச் சுழியோடி ரொட்னி ஜொங்கிளாஸ் அவர்களோடு இணைந்தார். 1956-ல் திருகோணமலையில் சுவாமி மலையின் அடிவாரக் கடலில், போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களை வில்சன் கண்டார்.

1961-ல் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், சிங்களத்தில் மகா இராவணா கோட்டுவ எனப்படும் பாறைத்திட்டில், பெயர் தெரியாத ஒரு கப்பலின் வெள்ளிச் சுமை வில்சன் குழுவினருக்குக் கிடைத்தது. வாடை ஓய்ந்து தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு இடைப்பட்ட சில வாரங்களில் மட்டுமே அங்கே இறங்க முடியும். அந்தச் சுமையில் இருந்தவை ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சான ரூபாய்கள். ஹிஜ்ரி 1113, அதாவது கி.பி. 1701-02 என்ற ஆண்டைத் தாங்கியவை. பைகள் மக்கிப்போன பிறகும் நாணயங்கள் பையின் வடிவத்திலேயே இறுகிக் கட்டியாகிக் கிடந்தன.

அந்தக் கட்டிதான் இவ்வாய்வுக்கு முக்கியமான சான்று. உருக்கினால் அது வெள்ளி. உள்ளபடியே வைத்துப் பார்த்தால், அச்சடித்த ஊர், ஆண்டு, பணத்தை எப்படிக் கட்டி ஏற்றினார்கள் என்ற வழக்கம் என அத்தனையையும் சொல்லும் ஆவணம். 1963-ல் நீரடித் தொல்லியலாளர் பீட்டர் திராக்மார்ட்டன் அங்கே வந்து இறங்கியபோது, புதையல் தேடலுக்குள் அளந்து பதிவு செய்யும் ஒழுங்கும் நுழைந்தது.

ஆழத்தின் கணக்கு

1942 ஏப்ரல் 9 அன்று பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ், ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து முந்தைய இரவே புறப்பட்டிருந்த அக்கப்பலில் அப்போது விமானங்கள் இல்லை. 307 பேர் மாண்டார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் அன்றே மூழ்கியது. உயிர் தப்பியவர்களில் பெரும்பாலோரை மருத்துவக் கப்பல் வீட்டா மீட்டது.

ஹெர்மிஸ் கிடப்பது ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில். பொழுதுபோக்குச் சுழியோடலுக்கு வகுத்த எல்லை 40 மீட்டர். நீர்மட்டத்தில் உள்ள ஒரு பாருக்கு மேல் பத்து மீட்டருக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் ஏறுவதால், 53 மீட்டரில் அது சுமார் 6.3 பார். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜனின் பங்கழுத்தம் மட்டுமே 5 பார் ஆகும். அது குடிபோதை போல அறிவை மழுங்கடிக்கும். 21 விழுக்காடு ஆக்சிஜன், 35 விழுக்காடு ஹீலியம், மீதி நைட்ரஜன் என்ற ட்ரைமிக்ஸ் கலவையில் அந்த 5 பார் 2.8 ஆகக் குறைகிறது. நைட்ரஜன் மயக்கத்தை மட்டும் கணக்கிட்டால் அது 25 மீட்டரில் காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம்.

இந்த வழிக்குக் கடற்படைகள் நெடுங்காலம் முன்பே அடித்தளமிட்டிருந்தன. படிப்படியாக நின்று மேலேறும் அட்டவணையை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-ல் வெளியிட்டார். 1939-ல் மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கி ஸ்குவாலஸ் மீட்பில் ஹீலியக் கலவை பயன்பட்டது. தனியார் சுழியோடிகள் இவற்றைக் கைக்கொண்ட பிறகு, 1990-களின் தொடக்கத்தில்தான் ‘தொழில்நுட்பச் சுழியோடல்’ என்ற பெயர் பரவியது.

இத்தகைய சுழியோடல், திட்டமிடாமல் இறங்குபவரை மன்னிப்பதில்லை. அடியில் அரைமணி நேரம் இருந்தவர் மேலே வரும் வழியில் அதைவிட நீண்ட நேரம் நின்று நின்று வர வேண்டும். 6 மீட்டரில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். வெதுவெதுப்பான நீர் இந்தக் காத்திருப்பின் குளிரைத் தணிக்குமே தவிர, கணக்கைத் தளர்த்தாது. கீழே கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. அதை ஒரு பித்தளைத் துண்டைப் பெயர்த்தெடுக்கச் செலவிடுவதா, படமெடுத்து அளக்கச் செலவிடுவதா என்பது ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டிய முடிவு. ஹெர்மிஸ் போன்ற கப்பலில் அது அறம் சார்ந்த முடிவும்கூட. அது ஒரு கல்லறை.

காலி தந்த பாடம், ஜாவா தந்த எச்சரிக்கை

நோக்கத்தின் மாற்றம் நிறுவன வடிவம் பெற்றது காலித் துறைமுகத்தில். 1659-ல் நங்கூரம் நழுவி மூழ்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஆவொண்ட்ஸ்டர் அங்கே சில மீட்டர் ஆழத்தில்தான் கிடந்தது. 2001 முதல் இலங்கையின் கடல்சார் தொல்லியல் பிரிவு அதை முறையாக அகழ்ந்தது. ஆழமில்லாத அந்தக் கப்பல் உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சிக்களம் ஆயிற்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அப்பிரிவின் ஆய்வுக்கூடத்தை அழித்தது. மேலே கொண்டுவந்த பொருள்களில் பல மீண்டும் கடலுக்கே போயின. அவற்றைப் பற்றி எஞ்சியவை, எடுத்து வைத்திருந்த பதிவுகள்தாம்.

ஜாவாக் கடலின் கதை இதைவிடக் கொடியது. ஹெர்மிஸுக்குச் சில வாரங்கள் முன்பு மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்கள் டி ரூய்ட்டர், ஜாவா ஆகியவற்றைச் சுழியோடிகள் 2002-ல் கண்டுபிடித்தார்கள். 2016-ல் மீண்டும் போய்ப் பார்த்தபோது, மணலில் பள்ளம்தான் இருந்தது. பழைய இரும்புக்காக முழுக் கப்பல்களே பெயர்க்கப்பட்டிருந்தன. ஒரு கப்பலைக் கண்டுபிடித்தாலே அது காப்பாற்றப்பட்டதாகிவிடாது.

முடிவுரை

2003-ல் தென்னிலங்கையின் கொடவாய அருகே, 30 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில், கருப்பு-சிவப்பு மட்கலங்களும் கண்ணாடிப் பாளங்களும் கிடந்த ஒரு கப்பற் சிதைவு வெளிப்பட்டது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட அது, இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது. அதைக் கண்டவர்கள் ஹீலியத்தோடு இறங்கியவர்கள் அல்லர். சங்கு எடுக்கப் போன உள்ளூர்ச் சுழியோடிகள். அவர்கள் கண்ட செய்தி தொல்லியலாளரை எட்டியதால்தான் 2012 முதல் அங்கே அகழாய்வு நடந்தது.

ஆழத்துக்குப் போகும் வழியைக் கருவிகள் திறந்தன. போன இடத்தில் எதைத் தொடலாம், எதை விட்டுவர வேண்டும் என்பதைக் கற்றுத்தரக் கருவியால் முடியாது. ஆகவே, அடுத்த கட்ட முதலீடு கருவிகளில் மட்டும் இருந்தால் போதாது. கணியம் பார்த்துக் கடலறிந்தவர்களும் சங்கு குளிப்பவர்களும் ஆய்வுக்குழுவில் முறையாக இடம்பெற வேண்டும். கண்டதை அறிவிப்பதால் அவர்களின் பிழைப்பு கெடாது என்ற உறுதியும் வேண்டும். கொடவாயவில் தற்செயலாக நேர்ந்த நன்மை, அப்போதுதான் நடைமுறையாக நிலைபெறும்.