குளிர்ச்சியை நோக்கி ஏறியவர்களும் வெக்கைக்குள் இறக்கப்பட்டவர்களும்

ஏப்ரல் வந்தால் கொழும்பு வேன்கள் நுவரெலியாவுக்கு வரிசையாக ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அவிசாவளை வரை கண்ணாடிகளை மூடி ஏசி போட்டு வருவார்கள். கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியதும் அனுபவமுள்ள சாரதி ஏசியை நிறுத்திவிடுவார். உள்ளே இருக்கும் பிள்ளைகள் முணுமுணுக்கும். ஆனால் அவர் செய்வது சரிதான். ஏசி இயந்திரத்தின் பலத்தில் ஒரு பங்கை எடுக்கிறது. உள்ளேயிருந்து இழுத்த சூட்டை ரேடியேட்டருக்கு முன்னாலேயே கொட்டுகிறது. வண்டி மெல்ல ஏறும்போது காற்றும் குறைவு. தண்ணீர் கொதித்துவிட்டால் பீலியோரம் நிறுத்தி, சூடாறும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கொஞ்சம் பொறுத்தால் ஏசியே தேவைப்படாது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறேழு பாகை வெப்பம் குறையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது.

இந்தக் குளிர்ச்சிக்கு ஏறி வந்தவர்களின் கதை நீளமானது. கண்டி இராச்சிய காலத்தில் நம்மவர்கள் தவளம் ஓட்டினார்கள். பாக்கை ஏற்றி இறங்கி, உப்பும் துணியும் கொண்டு ஏறினார்கள். பொதிமாட்டுக்கும் மனிதனுக்கும் நிழல் கொடுத்தது வழியிலிருந்த அம்பலங்கள்தான். பிறகு கோப்பிக் காலம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வறண்ட காடு, தண்ணீர் இல்லாத வழி, வாந்திபேதி. வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மலைக்கு வந்து சேர்ந்தவர்களை அடுத்துக் கொன்றது குளிர். மெல்லிய துணியோடு வந்தவர்களுக்குக் கம்பளியின் விலையும் கடன் கணக்கில்தான் ஏறியது.

ரயில் பாதை 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், மறுவருடம் நானுஓயாவுக்கும் வந்தது. அது போடப்பட்டது முதலில் கோப்பிக்காக, பிறகு தேயிலைக்காக. துரைமார் கொழும்பு வெக்கையிலிருந்து தப்பி வரவும் அது உதவியது. பெட்டிக்குள் குளிர்ச்சிக்கு எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. ஜன்னலைத் தூக்கினால் போதும். இன்று ஏசிப் பெட்டியில் கண்ணாடியைத் திறக்க முடியாது. காசு கொடுத்து அதில் ஏறியவர்கள் மூன்றாம் வகுப்பின் வாசலைப் பொறாமையோடு பார்ப்பது தனிக் கதை!

தலைமன்னார் வரை ரயிலும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் 1914இல் இணைந்தன. ஆனால் அதே பாதையில்தான் பிறகு மக்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஹட்டனிலிருந்து புறப்பட்ட கோச்சிக்கு மலையக மக்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'.

நாம் மாணவர்களுக்கு இந்த ஒப்பந்தத்தை ஆண்டும் எண்ணிக்கையுமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறோம். மலைக்குளிரில் பிறந்து, தண்ணீர் என்றால் பீலி என்று வளர்ந்த பிள்ளைகள் அந்தப் பெட்டிகளில் இருந்தார்கள். கோச்சி இறங்க இறங்க ஒவ்வொரு நிலையத்திலும் காற்று சூடாகியது. மதவாச்சிக்கு அப்பால் பனையும் முட்காடும் மணலும். கடைசியில் தலைமன்னார் இறங்குதுறை, 'இராமானுஜம்' கப்பல். பாட்டன் பூட்டன் நடந்து வந்த அதே வெக்கைக்குள் பேரப்பிள்ளைகள் இறக்கப்பட்டார்கள்.

அந்தக் கோச்சியை வழியனுப்பியவர்கள் நமது தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள், வயது எழுபதுக்கு மேல். உங்கள் வீட்டிலோ லயத்திலோ இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். எந்த நிலையத்தில் ஏற்றினார்கள், வழிக்கு என்ன கட்டிக் கொடுத்தார்கள், கம்பளியை எடுத்துப் போனார்களா, விட்டுப் போனார்களா? கேட்டதைக் கீழே எழுதுங்கள்.