பத்துமலையும் கல்லான கப்பலும்

மலாயாப் பென்சன்காரரின் வீட்டு விறாந்தைகளில் தொங்கிய மங்கிய படங்களில்தான் பத்துமலையை நாம் முதலில் கண்டோம். செங்குத்தான பாறை, அதன் வாயிலே இருட்டு, கீழே காவடிகள். புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய் உழைத்துத் திரும்பியவர்கள் அந்தப் படத்துக்கும் திருநீறு சாத்துவார்கள்.

நேரில் கண்டபோது நாங்கள் பென்சன்காரரல்லர். ஏஜன்சிக்காரனின் சொல்லை நம்பிக் கோலாலம்பூரில் ஓர் அறையில் எட்டுப் பேர் கிடந்த காலம் அது. ஒரு வெள்ளிக்கிழமை நேர்த்தி வைக்கப் போனோம். வாகனமோட்டிய மலாய்க்காரர் மலையைக் காட்டி, "அது கோயிலல்ல, கப்பல்" என்றார்.

அவர் சொன்னது சி தங்காங்கின் கதை. ஏழைக் குடிசையிற் பிறந்த பையன் கப்பலேறிப் போய்க் கப்பற்றலைவனாகிறான், பெரிய இடத்திலே மணமுடிக்கிறான். பிறந்த ஊருக்குக் கப்பல் வந்து சேர்ந்ததும் தாய் சிறு தோணியிலே அவனிடம் வருகிறாள். அவனுக்குப் பிடித்த வாட்டிய வாழைப்பழத்தையும் கொண்டு வந்தாள் என்பார்கள். கந்தலோடு நின்றவளை, மனைவி பார்த்திருக்க, "இவளை நான் அறியேன்" என்று விரட்டுகிறான். அவள் முலைப்பாலின் பெயரால் முறையிடுகிறாள். புயல் எழுகிறது. கப்பலும் ஆட்களும் கல்லாகிறார்கள். சுமாத்திராவிலே இதே கதை மாலின் குண்டாங் என்ற பெயரில், பாடாங் கடற்கரைக் கல்லொன்றின்மேல் ஏற்றிச் சொல்லப்படுகிறது.

மலைக்கு வயது ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகள் என்பர். மனிதனே இல்லாத காலம், கப்பலுக்கு எங்கே போவது! மழைநீர் கரியமில வாயுவைக் கலந்துகொண்டு மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைச் சொட்டுச் சொட்டாய் அரித்ததனால் உண்டான குகை இது. எங்கள் நிலாவரையும் அதே வேலையின் பலன்தான். அதற்கு நாம் இராமனின் அம்பைக் காரணம் சொன்னோம். கல் குடைந்திருந்தால் மனிதருக்கு ஒரு கதை வேண்டியிருக்கிறது.

பெயரும் அப்படித்தான். மலாய் மொழியிலே 'பத்து' என்றால் கல். அருகிலோடும் ஆற்றின் பெயரால் வந்தது. தமிழ்க் காதில் அது எண்ணாக விழுந்தது. அறுபடை வீடுகளோடு மலேசியாவின் நான்கு முருகன் தலங்களைக் கூட்டி இதுவே பத்தாவது என்று கணக்குச் சொல்வாருமுண்டு. பிழையான கணக்கென்றாலும் எமக்கு அதன்மேல் கோபமில்லை. அந்நிய ஊரின் சொல்லுக்குள்ளே தன் மொழியைத் தேடிய காது அது.

தம்புசாமிப்பிள்ளை குகை வாயிலில் வேலின் வடிவைக் கண்டார் என்பது மரபு. 1891ஆம் ஆண்டளவில் அங்கே முருகனை வைத்தார், 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. 1920இல் மரப்படிகள் வந்தன. இன்றைய 272 படிகள் பின்னர் எழுந்தவை. 2006இல் 42.7 மீற்றர் உயரச் சிலை வந்தது. 2018இல் படிகளுக்கு வர்ணமும் பூசினார்கள். அது சற்று அதிகம் என்பது எம் எண்ணம்.

ஆனால் நமக்கு முன்னரே தெமுவான் என்னும் ஆதிக்குடியினர் இக்குகைகளில் ஒதுங்கியிருந்தனர். பின்பு சீனர் தோட்டப் பசளைக்காக வௌவால் எச்சம் அள்ளினர். 1878இல் ஹோர்னடே என்ற அமெரிக்க இயற்கையறிஞர் எழுதிய பிறகே வெளியுலகம் இதை அறிந்தது. "தமிழன் கண்டுபிடித்த குகை" என்று நம்மவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊரைப் பறிகொடுத்த நாமே பிறர் ஒதுங்கிய இடத்தின் கதையை அழித்துவிட்டுப் பேசலாமா?

அன்று திரும்பும் வழியில் ஒருவரும் பேசவில்லை. எங்களுள் ஒருவன் முந்திய கிழமைதான், வேறொருவனின் கடவுச்சீட்டுக்கு ஏற்றபடி, 'தாயின் பெயர்' என்ற கோட்டின்மேல் முன்பின் அறியாத ஒரு பெண்ணின் பெயரை எழுதியிருந்தான். பெற்றவள் அப்போது பருத்தித்துறையில் உயிரோடிருந்தாள்.

"அந்தக் கதையிலே தாய்க்குப் பெயரில்லையோ?" என்று அவன்தான் கடைசியில் கேட்டான். மலாய்க்காரர் வண்டியை ஓட்டியபடியே சொன்னார்: "இருக்கிறது. சி டெருமா."