ரேஷன் அரிசி சந்தையை மாற்றிய கதை

எங்க மானாவாரிப் பக்கம் அரிசிச் சோறுங்கறது ஒரு காலத்துல நோம்பி நொடிக்குத்தான். அன்னாடம் கம்பங்கூழ், சோளச்சோறு, ராகிக்களி. வாரச்சந்தையிலும் அந்தத் தானியங்கள்தான் மூட்டை மூட்டையா வரும். ஆடி மாசம் அடுக்குப்பானை காலியானா மளிகைக்காரர்கிட்ட கடன். அவர் சொன்னதுதான் விலை.

1967 தேர்தலில் அண்ணா, ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். ஜெயிச்சதும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கிடைத்தது. செலவு தாங்காமல் மற்ற ஊர்களுக்கு அது வரவில்லை. 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கினார்கள். பிறகு ஊர் ஊராக ரேஷன் கடை வந்தது. 1997-ல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து அட்டைகளைப் பிரித்தபோதும், தமிழ்நாடு எல்லோருக்கும் அரிசி என்பதை விடவில்லை. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011-லிருந்து இலவசம்.

இதுல மளிகைக் கடை என்னாச்சு? மோட்டா அரிசிக்கு ஆளே இல்லாமப் போச்சு. கடைக்காரர் பொன்னிக்கு மாறினார். அரிசியில மிச்சமான காசு எண்ணெய், சோப்பு, பிஸ்கட்டுன்னு அதே கடைக்குத்தான் போச்சு. 2007-ல் ரேஷனில் பாமாயிலும் பருப்பும் வந்ததும் கடலை எண்ணெய்க்கும் போட்டி வந்தது.

அடி வாங்கினது புஞ்சைத் தானியம். குத்திப் புடைக்கற வேலையில்லாத அரிசி கையில இருக்கறப்ப கம்பை யார் வாங்குவா? வாங்க ஆளில்லாததை எதுக்கு விதைக்கணும்? ரேஷன் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். போர்வெல்லும் கோழித்தீவன மக்காச்சோளமும் சேர்ந்துதான் கம்பங்காட்டைக் காலி பண்ணுச்சு.

நகரத்து நண்பர்கள் சிலர், "இலவச அரிசி ஆளுகளைச் சோம்பேறியாக்கிருச்சு" என்பார்கள். தானியத்தைக் கூலியா அளந்த காலத்துல அளக்கறவர் வெச்சதுதான் கூலி. வீட்ல அரிசி இருந்தாத்தான் கூலி பேச வாய் வரும். கூலி கொடுக்கற நானே சொல்றேன், அது நியாயம்தான்.

ஆனா ரேஷன்ல அரிசிதான் இருக்கணும்னு இல்லையே. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலா ராகி கொடுக்க ஆரம்பிச்சாங்க. அந்த ராகியை அரசு விவசாயிகிட்ட நேரா கொள்முதல் பண்ணுது. அதே மாதிரி கம்புக்கும் சோளத்துக்கும் விலை சொல்லி வாங்கினா, விதைக்கறதுக்கு எங்ககிட்ட காடு இருக்கு.