கட்டைக் கணக்கும் காரின் முள்ளும்



நம் பெரியவர்கள் இன்றும் தூரத்தைக் கட்டையால்தான் சொல்வார்கள். "அந்தத் தோட்டமா? இன்னும் ரெண்டு கட்டை போகணும்" என்பார்கள். கட்டை என்றால் மைல். 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் வந்தபின் நம் நாடு படிப்படியாகக் கிலோமீட்டருக்கு மாறியது. ஆனால் நம் ஊர்ப் பக்கம் பழைய மோரிஸ் மைனர் காரைப் பாதுகாத்து வருகிறவர்களுக்குத் தெரியும்: அதன் வேகமானி முள் இன்னும் கட்டைக் கணக்கே பேசும். அந்த முள்ளின் கதையைச் சிறிது பார்ப்போம்.

1902இல் ஓட்டோ ஷூல்சே என்ற ஜெர்மானியர் இதற்குக் காப்புரிமை பெற்றார். கியர்பாக்ஸில் உள்ள சிறு பல்சக்கரம் ஒரு நீண்ட கேபிளைச் சுழற்றும். கேபிளின் மேல்முனையில் ஒரு காந்தம் சுழலும். அதனருகே ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை! ஆனாலும் சுழலும் காந்தம் கிண்ணத்தில் மின்னோட்டத்தை உண்டாக்கி, அதைத் தன்னோடு இழுக்கும். மெல்லிய சுருள்வில் எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். 1948இல் இங்கிலாந்தில் வெளியான மோரிஸ் மைனருக்கும், 1985இல் வெளியான நம் முதல் புரோட்டோன் சாகாவுக்கும் இதே கேபிள் முறைதான்.

சரி, முள் கெட்டால்? "மீட்டர் செத்துப் போச்சு, புதுசு வாங்கணும்" என்று அவசரப்படாதீர்கள். பதறாத காரியம் சிதறாது. வரிசையாகப் பாருங்கள்.

முள்ளும் அசையவில்லை, தூரம் காட்டும் எண்ணும் ஓடவில்லையா? மீட்டரின் பின்னால் கேபிளைக் கழற்றி, ஒருவர் காரை மெதுவாக ஓட்ட, இன்னொருவர் உள்கம்பியைக் கவனிக்க வேண்டும். கம்பி சுற்றினால் கோளாறு மீட்டரில். சுற்றாவிட்டால் கம்பி அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸில் பல் தேய்ந்திருக்கும்.

எண் ஓடுகிறது, முள் மட்டும் அசையவில்லையா? கேபிள் நல்லாத்தான் இருக்கிறது, மீட்டருக்குள்ளே பார்க்கணும். முள் நன்றாகக் காட்டி எண் மட்டும் நின்றாலும் மீட்டரின் உட்பல்சக்கரங்களே காரணம்.

முள் பேயாட்டம் ஆடுகிறதா? கேபிள் காய்ந்திருக்கும், அல்லது எங்கோ மடங்கியிருக்கும். உள்கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். மேல்முனையில் ஒரு சாண் அளவுக்குத் தடவாமல் விடுங்கள். அதிகமானால் கிரீஸ் மேலேறி மீட்டரைக் கெடுக்கும். மடங்கிய கேபிளை மாற்றத்தான் வேண்டும்.

முள் ஆடாமல் நின்று, ஆனால் தவறாகக் காட்டுகிறதா? டயரைப் பாருங்கள். முன்பிருந்ததைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால், உண்மை வேகத்தைவிடக் குறைவாகவே முள் காட்டும். சோதிக்க எளிய வழி உண்டு: மணிக்கு 60 கிலோமீட்டரில் சீராகப் போனால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக ஒரு நிமிடம் ஆகும். கடிகாரத்தைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஓட்டுகிறவர் பாதையைப் பார்க்கட்டும்.

இதெல்லாம் காசை மிச்சம் பிடிக்க மட்டுமா? இல்லை. சிலிம் ரிவர் பெரிய பாதையில் 50 என்று பலகை இருந்தால் அது கிலோமீட்டர். பழைய காரின் முள் 50ஐத் தொட்டால் அது மைல். அதாவது ஏறக்குறைய 80 கிலோமீட்டர்! தாத்தாவின் காரைப் பேரன் ஓட்டும்போது இந்தக் கணக்குத் தெரியாவிட்டால், பள்ளி விட்டுப் பாதையைக் கடக்கும் நம் பிள்ளைக்கல்லவா ஆபத்து?

மாணவர்களே! இன்றைய கார்களில் கேபிள் இல்லை, மின்னணு உணரி வந்துவிட்டது. ஆனால் ஒரு முனையில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சோதிக்கும் முறை மாறவில்லை. கணக்கிலே விடை தப்பினாலும் அப்படித்தான் தேட வேண்டும். வீட்டிலே பழைய வண்டி இருந்தால் அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். முள் காட்டுவது கட்டையா, கிலோமீட்டரா என்று முதலில் கேளுங்கள்.