பேராக் தோட்டப் பள்ளிகள் இணைந்த வரலாறு

ஊர்ப்பெயர்கள் பழைய செய்திகளைக் காத்து வைப்பதுபோலவே பள்ளிப் பெயர்களும் காத்து வைக்கின்றன. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பத்துகாஜா வட்டாரங்களில் உள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் எல்பில், ஹீவுட், டோவன்பி, கிந்தா கெல்லாஸ் என்ற பெயர்களைக் காணலாம். அவற்றின் முன்னே 'லாடாங்' என்னும் மலாய்ச் சொல் நிற்கும். தோட்டம் என்பது அதன் பொருள். ஆயினும் பேராக்கில் தோட்டப் பெயர் தாங்கிய பள்ளிகள் பலவற்றைச் சுற்றி இன்று பழைய இரப்பர்த் தோட்டம் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் அதுவும் போய் வீடமைப்பு நிலங்கள் வந்தன. தோட்டம் அழிந்த பின்னும் அதன் பெயரைப் பள்ளி சுமந்து நிற்கிறது.

நின்ற பள்ளிகளின் நிலை இது. இவற்றுக்கு அருகிலேயே இருந்து, வேறொரு பள்ளியோடு இணைக்கப்பெற்றுப் பெயரும் இழந்தவை பல. அவை ஏன் இணைந்தன, இணைந்ததால் பெற்றது எது, இழந்தது எது என்பவை ஆராயத் தக்கன.

பத்துப் பிள்ளைகள்

இரப்பர் வரலாற்றில் பேராக்கிற்குத் தனியிடம் உண்டு. 1877-இல் சிங்கப்பூர் வந்தடைந்த நாற்றுகளுள் சிலவற்றைப் பேராக்கின் ஆங்கில ஆட்சியாளர் ஹியூ லோ கோலகங்சாரில் தம் இல்லத் தோட்டத்தில் நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏறவே காடுகள் தோட்டங்களாயின. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் குடும்பம் குடும்பமாகக் கொண்டு வரப்பெற்றனர்.

குடும்பம் வந்தால் பிள்ளைகளும் வருவர். 1912-இல் வந்து 1923-இல் விரிவாக்கப்பெற்ற தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைப்பதை முதலாளியின் கடமையாக்கியது. சட்டத்தின் அளவு பத்து. எனவே பல தோட்டங்களில் முயற்சியின் அளவும் பத்தே ஆயிற்று. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரே அறை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராய் அமர்ந்த தோட்டங்களும் உண்டு.

குறை எத்தனை இருப்பினும் ஒரு நன்மையை மறுத்தல் இயலாது. பள்ளி லயத்தை ஒட்டி இருந்தது. பொழுது புலருமுன் பிரட்டுக்குச் சென்று பால்வெட்டத் தொடங்கும் தாய், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல வேண்டிய தேவை எழவில்லை. பிள்ளை தானே நடந்து சென்றது.

ஒரு கணக்கு

1957-இல் மலாயா விடுதலை பெற்றபோது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றில் பயின்றோர் 50,766 பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சராசரி 57 மாணவர். ஆறாண்டுத் தொடக்கக்கல்விக்கு இதனைப் பங்கிட்டால் வகுப்புக்குப் பத்துப் பேருக்கும் குறைவே. பழைய சட்டத்தின் பத்து இங்கே மீண்டும் எதிர்ப்படுகிறது.

1956-இன் ரசாக் அறிக்கை தமிழ்ப்பள்ளிகளையும் நாட்டின் பொதுக் கல்வி அமைப்பினுள் கொணர்ந்தது. 1960-இன் ரகுமான் தாலிப் அறிக்கையும் 1961-இன் கல்விச் சட்டமும் அதனைத் தொடர்ந்தன. 1962 முதல் தொடக்கக்கல்விக்குக் கட்டணம் நீங்கியது. பொதுப் பாடத்திட்டம் வந்தபின் ஓராசிரியர் பள்ளி தாக்குப் பிடிக்க இயலாது. முப்பது பிள்ளைகள் உள்ள இரண்டு பள்ளிகளில் ஒவ்வோர் ஆசிரியரும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளை நடத்த வேண்டும். அவ்விரண்டையும் ஒன்றாக்கினால் வகுப்புக்கோர் ஆசிரியரை அமர்த்துவது எளிதாகும். இணைப்பின் அடிப்படை இந்த எளிய கணக்கே.

விளைவு விரைந்து தோன்றியது. 1970-இல் பள்ளிகளின் எண்ணிக்கை 657. அதே ஆண்டில் மாணவரோ ஏறத்தாழ 79,000. பள்ளி குறைய மாணவர் பெருகினர். பள்ளிக்குச் சராசரி 120 ஆயிற்று. எண்ணிக்கை வீழ்ச்சியை மட்டும் காட்டித் தமிழ்க்கல்வி தேய்ந்தது என்று கூறுவோர் இந்த இரண்டாவது கணக்கையும் காணுதல் வேண்டும்.

துண்டாடல்

எனினும் 231 பள்ளிகள் குறைந்ததற்குக் கல்வி நோக்கம் ஒன்றே காரணமன்று. 1950-களின் பிற்பகுதியில் வெள்ளையர் நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப் பெயர் பெற்றது. தொழிலாளிக்கு வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும் போயிற்று. குடிகள் சிதறியதும் பிள்ளைகள் சிதறினர். துண்டு துண்டாய் நிலம் பெற்ற பலருள் பள்ளியைப் பேணும் பொறுப்பு எவருக்கு என்னும் கேள்விக்கு விடை இல்லை. எஞ்சிய சில பிள்ளைகள் அடுத்த தோட்டத்துப் பள்ளிக்கு அனுப்பப்பெற்றனர். ஏட்டில் இதுவும் இணைப்பே. ஆனால் முன்னது திட்டமிட்ட இணைப்பு. பின்னது வேறு வழியின்மையால் வந்த இணைப்பு.

இவ்விரண்டின் வேறுபாட்டை நன்குணர்ந்தவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன். அவர் 1954-இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை நிறுவினார். நேருவின் தங்கை விசயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்து வைத்தார். தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரில் முதலாளியின் கையை எதிர்பாராமல் பொதுமுயற்சியில் எழுந்த பள்ளி என்பதே அதன் சிறப்பு. துண்டாடல் கடுமையானபோது 1960-இல் அவரே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுசிறு தொகையாய்ச் சேர்த்த பணத்தைக் கொண்டு அச்சங்கம் தோட்டங்களை வாங்கத் தலைப்பட்டது. கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பெற்றது. கலாசாலை, கூட்டுறவுச் சங்கம் ஆகிய இரு முயற்சிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்து: பிறர் நிலத்தில் நிற்பது பிறர் விருப்பத்தில் நிற்பதாகும்.

நிலம் யாருடையது?

ஈப்போ நகரின் பள்ளிகள் இக்கருத்தைத் தெளிவாக்கும். அங்கும் பெயர்களே சான்று. சுங்கை பாரி சாலைப் பள்ளியின் பெயரில் 'கெராஜாஆன்' என்ற சொல் உண்டு. அரசு என்பது அதன் பொருள். செட்டியார் பள்ளி வணிகச் சமூகத்தின் பெயரைத் தாங்கியது. செயின்ட் பிலோமினா கான்வென்ட் கிறித்தவத் துறவியர் மடத்தையும், பேராக் சங்கீத சபாப் பள்ளி ஒரு கலைக்கழகத்தையும் நினைவூட்டும். புரவலர் வேறுவேறாயினும் இவை நகரப் பள்ளிகள். இரப்பர் விலையோ தோட்ட விற்பனையோ இவற்றின் வாழ்வை முடிவு செய்யவில்லை. தோட்டப் பள்ளிக்கோ அரசு ஆசிரியர் சம்பளம் கொடுத்தும் நிலம் தனியாருடையதாகவே இருந்தது. அக்காரணத்தால் முழு உதவி கிட்டாமல் பகுதி உதவி பெறும் பள்ளி என்ற வகையில் பல பள்ளிகள் நெடுங்காலம் கிடந்தன. கூரை ஒழுகினாலும் புதிய கட்டடம் எழுப்புமுன் நிலத்துக்குரியவரின் இசைவைப் பெற வேண்டும்.

இலங்கை மலையகத்தை இங்கே ஒப்பிடலாம். அங்கு 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அவற்றைத் தொடர்ந்து தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. மலேசியாவில் நிலமும் பள்ளியும் அவ்வாறு ஒருசேரக் கைமாறவில்லை. பள்ளி பொதுக் கல்வியினுள் வந்தது. நிலம் வெளியே நின்றுவிட்டது.

இணைப்பும் இடமாற்றமும்

இணைப்பில் மறைவது பெயர் மட்டுமன்று. ஒரு பள்ளியின் உரிமமும் மறைகிறது. புதிய தமிழ்ப்பள்ளிக்கு உரிமம் பெறுவது அரிது. ஆதலின் மாணவர் அருகிய தோட்டப் பள்ளியை மற்றொன்றோடு சேர்ப்பதைவிட, அதன் உரிமத்தோடு தமிழர் குடியேறிய நகர்ப்புறத்துக்கு மாற்றுவதையே பிற்காலத்தில் பெற்றோரும் பொது அமைப்புகளும் வேண்டினர். இவ்வாறு இடம்பெயர்ந்த பள்ளிகள் தோட்டப் பெயரையும் உடன் கொண்டு சென்றன.

இன்று நாட்டில் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மாநிலங்களுள் பேராக்கிலேயே மிகுதி. ஏறத்தாழ 130 பள்ளிகள் அங்குள்ளன. மாணவர் 150-க்கு மேற்படாத பள்ளி குறைந்த மாணவர் பள்ளி எனப்படும். பேராக்கின் பழைய தோட்டப் பகுதிகளில் இத்தகையவை பல. ஆதலால் இணைப்பா, இடமாற்றமா என்ற பழைய கேள்வி அங்கே இன்னும் உயிருடன் இருக்கிறது.

வரலாறு இதற்குக் கூறும் விடை ஒருபுறச் சார்பானதன்று. இரண்டு சிறு பள்ளிகள் ஒன்றாவதால் பிள்ளைக்கு ஆசிரியர் கிடைப்பார், வகுப்புத் தோழர் கிடைப்பர். அதனை இழப்பென்று மட்டும் கூறுதல் தகாது. ஆனால் தொலைவு கூடும். பால்வெட்டும் தாய் அழைத்துச் செல்ல இயலாத தொலைவாயின், இணைந்த பள்ளியில் இடமிருந்தும் பிள்ளை வீட்டிலிருக்கும். ஆகவே இணைப்பைப் பற்றிப் பேசுமுன் மூன்றனை உறுதி செய்தல் வேண்டும்: பள்ளி நிற்கப்போகும் நிலம் யாருடையது, பிள்ளை அங்குச் செல்லும் வழி யாது, விடப்படும் உரிமம் எங்கே போகும். இம்மூன்றுக்கும் விடை கண்டு இணைந்தால் இரண்டு பள்ளிகள் சேர்ந்து ஒரு பெரிய பள்ளி ஆகும். விடை காணாது இணைந்தால் இரண்டில் ஒன்று குறைந்தது என்பதே மிஞ்சும்.