டென்னிசுப் பந்தயச் சூதாட்டம்

டென்னிசுப் பந்தயச் சூதாட்டம் என்பது தொழில்முறை டென்னிசு ஆட்டத்தின் முடிவையோ அதன் ஒரு பகுதியின் முடிவையோ கணித்துப் பணம் கட்டுவதாகும். ஐக்கிய இராச்சியம் போன்ற சில நாடுகளில் இது உரிமம் பெற்ற தொழிலாக நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் இணையவழியில் இதில் ஈடுபடுவது தண்டனைக்குரிய குற்றமாகும்.

செயல்படும் முறை

ஆட்டத்தில் வெல்பவர், செட் கணக்கு, மொத்த கேம்களின் எண்ணிக்கை ஆகியவற்றின் மீது பணம் கட்டப்படுகிறது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த கேம் அல்லது அடுத்த புள்ளியின் மீது பணம் கட்டும் முறையும் உண்டு.

பந்தய நிறுவனம் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விகிதத்தை அறிவிக்கும். சமபலம் கொண்ட இருவருக்கும் விகிதம் 1.90 எனக் கொள்வோம். இருவர் மீதும் தலா 100 ரூபாய் கட்டப்பட்டால் நிறுவனத்திற்கு வருவது 200 ரூபாய். யார் வென்றாலும் அது திருப்பித் தருவது 190 ரூபாய். எஞ்சும் 10 ரூபாய் நிறுவனத்தின் வருவாயாகும். ஆகவே பணம் கட்டுவோர், ஒட்டுமொத்தமாக நோக்கின், இழப்பையே அடைகின்றனர்.

முறைகேடுகள்

குழு விளையாட்டில் முடிவை மாற்றப் பலரின் ஒத்துழைப்பு தேவைப்படலாம். ஒற்றையர் டென்னிசில் ஒரு வீரர் மட்டுமே போதும். ஆட்டத்தில் தோற்காமலேயே ஒரு செட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவும் இயலும். அதனைக் கண்டறிவது கடினம்.

2007 ஆகத்து மாதம் போலந்தின் சோபோட் நகரில் நிக்கொலாய் தாவிதெங்கோ, மார்ட்டின் வசாயோ ஆர்குவெயோ ஆகியோர் மோதிய ஆட்டத்தில் வழக்கத்துக்கு மாறாகப் பெருந்தொகை கட்டப்பட்டதால், பெட்ஃபேர் நிறுவனம் அனைத்துப் பந்தயங்களையும் செல்லாதவையாக அறிவித்தது. விசாரணையில் முறைகேட்டுக்குச் சான்று கிடைக்காததால் 2008இல் இருவரும் குற்றமற்றவர்கள் என அறிவிக்கப்பட்டனர். அதே ஆண்டு டென்னிசு நேர்மைப் பிரிவு தொடங்கப்பட்டது. 2021 முதல் இப்பணியைப் பன்னாட்டு டென்னிசு நேர்மை முகமை மேற்கொள்கிறது. 2011இல் ஆத்திரிய வீரர் டேனியல் கோலரர் வாழ்நாள் தடை பெற்றார்.

2018இல் வெளியான சுயேச்சை ஆய்வுக்குழு அறிக்கை, பயணம் முதலிய செலவுகளை ஈடுகட்டும் அளவுக்கு வருவாய் ஈட்டுவோர் ஏறத்தாழ முதல் 250 முதல் 350 வீரர்களே எனக் கூறியது. மொத்தப் பரிசு 15,000 டாலர் மட்டுமே கொண்ட சிறு போட்டிகளின் நேரலைப் புள்ளி விவரங்களும் பந்தய நிறுவனங்களுக்கு விற்கப்பட்டமை, வருவாய் குறைந்த வீரர்களைத் தரகர்கள் அணுக வழிவகுத்தது.

தமிழ்நாட்டில் சட்ட நிலை

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆடவர் சென்னை ஓப்பன் போட்டி நடைபெற்றது. டென்னிசு திறன் சார்ந்த விளையாட்டாயினும், அதன் மீது பிறர் பணம் கட்டுவது சட்டப்படி வேறு செயலாகும். 1996இல் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு டென்னிசுப் பந்தயத்தைப் பற்றியதன்று.

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம், இணையவழியில் பந்தயம் கட்டுவதைச் சூதாட்டம் என வரையறுக்கிறது. இதன்படி ஈடுபடுவோருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இச்சட்டத்தில் ரம்மி, போக்கர் தொடர்பான பகுதியை மட்டும் நீக்கியது. 2025 ஆகத்தில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது.

இவற்றையும் பார்க்க

சென்னை ஓப்பன்
சூதாட்டம்
குதிரைப் பந்தயம்